ஆடிக் காற்றில் போன சொக்கன்

வெட்டிய இறகு மறுபடியும் முளைக்கும். கிளி வளர்த்த வீடுகளில் இது தெரியாதவர்கள் கிடையாது. சிறகின் ஓரத்தில் இருக்கிற நீள இறகுகளைக் கத்தரித்துவிட்டால் பறவை தத்தி நடக்கும், திண்ணையிலிருந்து முற்றத்துக்குத் தாவும், அதற்கு மேல் எழும்பாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, குஞ்சு பொரிக்கிற பருவம் முடிந்த கையோடு, பழைய இறகுகள் ஒன்றொன்றாக உதிர ஆரம்பிக்கும். கத்தரித்த இறகின் அடித்தண்டும் கழன்று விழும். அதே இடத்தில் புது இறகு உறை பிரிந்து முழு நீளத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு நாலைந்து வந்தால் போதும்.

எங்கள் கிளி சொக்கனுக்கு 1987ஆம் வருஷம் ஆனி மாதத்தில் அது வந்தது. தனக்குப் பறக்க முடியும் என்பது அவனுக்கே தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம். இரண்டரை வயசுவரைக்கும் அவன் பறந்ததே இல்லை. ஆடி பிறந்த கொஞ்ச நாளில், மத்தியான வெயிலில், அம்மாச்சி மொட்டைமாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோளில் அவன் உட்கார்ந்திருந்தான், அது தினமும் உட்காருகிற இடம். மேற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. கொடியில் கிடந்த வேட்டி படீரென்று அடித்தது. திடுக்கிட்டு அவன் சிறகை விரித்தான். விரித்த சிறகைக் காற்று தூக்கிக்கொண்டது. அம்மாச்சி கையை நீட்டியபோது அவன் பக்கத்து வீட்டுத் தென்னைக்கு மேலே இருந்தான். அலறிக்கொண்டே போனான். பாதைக்குப் பழகிய பறவை போகிற போக்காக அது இல்லை.

ராஜபாளையத்து ஆடிக் காற்றை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் நமக்கு வருவது ஈரம் பிழிந்த காற்று. மலையைத் தாண்டி ஊருக்குள் இறங்கி, பஞ்சுத் தூசியையும் புழுதியையும் கிளப்பிக்கொண்டு நாள் முழுக்க வீசும். தென்மேற்கிலிருந்து வடகிழக்காக. இந்தத் திசையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது உறைக்க வெகுநேரம் ஆனது.

சொக்கன் எங்களிடம் வந்தது குஞ்சாக. முடங்கியார் ரோட்டுத் தோப்பு ஒன்றில் மண்டை காய்ந்து மொட்டையாக நின்ற தென்னையில் மரங்கொத்தி குடைந்த பொந்து இருந்தது. மரத்தை வெட்டிச் சாய்த்தபோது உள்ளே இருந்த குஞ்சுகளில் பிழைத்தது இவன் ஒருவன். மரம் வெட்டியவர் துண்டில் பொதிந்து எடுத்து வந்து அம்மாச்சியிடம் கொடுத்தார். உடம்பு முழுக்க முள் முள்ளாக இறகு முளைக்கிற பருவம். பொட்டுக்கடலை மாவை வெந்நீரில் குழைத்து, சுண்டுவிரல் நுனியில் வைத்து அவள் ஊட்டினாள். ராத்திரி எழுந்து எழுந்து ஊட்டினாள்.

அம்மாச்சி மதுரைக்காரி. மீனாட்சியம்மன் கோவிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அங்கே கூண்டுகளில் கிளிகள் இருந்தன, அம்மன் பேரைச் சொல்லப் பழக்கிய கிளிகள். சின்ன வயசில் அவற்றைப் பார்த்தவள் என்பதால் கிளி என்றாலே அவளுக்கு மீனாட்சி கோவில்தான். சொக்கன் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

ஆனால் அவன் பேசக் கற்றது எங்களிடம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து. ஒற்றைச் சுவர்தான் நடுவில். அது ராஜு வீடு. ராஜபாளையத்து ராஜுக்கள் நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், இன்றும் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அந்த வீட்டுப் பெரியம்மாவை நாங்கள் அவ்வா என்று கூப்பிடுவோம். அவர்களிடம் ராணி என்று ஒரு நாய் இருந்தது. வெள்ளை வெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு, அசல் ராஜபாளையம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒரு தலையில் இடம்பிடித்த இனம் அது. அவ்வா காலையும் மாலையும் முற்றத்தில் நின்று, சோற்றுத் தட்டைத் தட்டியபடி, "ராணீ... ரா! ரா!" என்று நீட்டிக் கூப்பிடுவார்கள். சொக்கனுக்கு அந்தக் குரல் பிடித்துவிட்டது. அம்மாச்சி மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த "மீனாட்சி" அவன் வாயில் வரவே இல்லை. "ராணீ ரா" மட்டும் அவ்வாவின் அதே இழுப்போடு, அதே கரகரப்போடு வந்தது. முதல் தடவை அவன் அப்படிக் கூப்பிட்டபோது ராணி சுவரைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து, மூங்கில் கூண்டுக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. கடைசிவரைக்கும் அது ஏமாந்துகொண்டுதான் இருந்தது.

அவன் பறந்த அன்று சாயங்காலம் தெருவே தேடியது. எங்கள் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனார். நானும் தெருப் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேப்பமரம் வேப்பமரமாக ஓடினோம். அது வேப்பம்பழக் காலம். எந்த மரத்தில் பார்த்தாலும் கிளி இருந்தது. பச்சை இலைக்குள் பச்சைப் பறவை. கீழே விழுகிற கொட்டையை வைத்துத்தான் மேலே ஆள் இருப்பதே தெரியும்.

வளர்ப்புக் கிளி பறந்தால் என்ன ஆகும் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஏறுவதற்கு அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டாம், பயமே ஏற்றிவிடும். இறங்கத்தான் தெரியாது. உயரமான மரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து செங்குத்தாகக் கீழே வர அதற்குப் பழக்கம் கிடையாது. காட்டில் பொந்தைவிட்டு வெளியே வந்த குஞ்சுகூட இதையெல்லாம் தாய் தகப்பன் பின்னாலேயே பறந்து பழகும். வீட்டுக்கிளி உச்சியிலேயே உட்கார்ந்து கத்தும், பசி முற்றும்வரைக்கும். காக்கைகள் அதைக் கண்டுபிடித்துவிடும். தன்னைப்போல் நடந்துகொள்ளத் தெரியாத பறவையைக் காக்கை விடாது. அதனால் அன்றைக்கு நாங்கள் காக்கைக் கூட்டம் இரைந்த இடங்களுக்கு ஓடியது சரியான காரியம். ஒரு புளியமரத்தில் அவை இரைந்தது ஆந்தைக்காக. இன்னொரு இடத்தில் செத்துப்போன காக்கைக் குஞ்சுக்காக.

அப்பா மில்லில் ராத்திரி ஷிப்ட். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு ஆலைக்குமேல் ஆலையாக வந்து, சங்குச் சத்தத்தை வைத்தே ஊர் எழுந்து, சாப்பிட்டு, படுத்த காலம் அது. ஒவ்வொரு ஷிப்டு முடியும்போதும் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் நாலாபக்கமும் பிரியும், சத்திரப்பட்டிக்கு, மலையடிப்பட்டிக்கு, சேத்தூருக்கு. அப்பா தன் கூட்டாளிகள் எல்லாரிடமும் சொன்னார். "ராணீ ரான்னு கூப்பிடுற கிளி. கண்டா ஒரு சொல்லு சொல்லுங்கப்பா." விடியற்காலையில் பஞ்சு ஒட்டிய தலையோடு வீடு திரும்புகிற மனிதர்கள் வழியில் சைக்கிளை நிறுத்தி மரத்தைப் பார்த்தார்கள். தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வாசலில் வந்து, "அண்ணாச்சி, சேத்தூர் போற வழியில ஒரு கூட்டம் இருக்கு, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

ராணியையும் கூட்டிக்கொண்டு போனோம். அது என் யோசனை. அவ்வா முதலில் ஒப்பவில்லை. ராஜபாளையம் நாய் ஒரு எசமானுக்குத்தான் கட்டுப்படும், அடுத்தவர் கையில் கயிறு இருந்தால் நடக்காது. அவ்வாவின் பேரனைச் சேர்த்துக்கொண்டோம். எனக்கு அவனை அதுவரைக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. முடங்கியார் ரோட்டில், அய்யனார் கோவில் ஆற்றை நோக்கிப் போகிற வழியில் இரண்டு பக்கமும் மாந்தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்து ஓய்ந்து, கடைசிப் பழங்கள் உச்சிக் கிளைகளில் மட்டும் மிஞ்சியிருந்தன. கிளிகளுக்கென்றே விட்டதுபோல. அவை ஒரு பழத்தை முழுசாகத் தின்பதில்லை. கொத்தி, நாலு கடி கடித்து, போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகும். தோட்டக்காரர்கள் வயிறெரிவதில் நியாயம் உண்டு. எங்கள் காது மரத்தில் இருந்தது, கண் ராணியின் மேல் இருந்தது. எங்களுக்குக் கேட்காத தூரத்தில் சொக்கன் கூப்பிட்டாலும் அதற்குக் கேட்கும், காதைத் தூக்கும் என்று நம்பினோம். ராணி ஒவ்வொரு அணிலுக்கும் காதைத் தூக்கியது. ஓணானுக்குத் தூக்கியது. ஒருதரம் மட்டும், வெகுதூரம் போன பிறகு, நின்று, மேற்கே பார்க்காமல் ஊர்ப்பக்கமாகத் திரும்பி அசையாமல் நின்றது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். காற்று மட்டும் இரைந்தது.

நாங்கள் மலையை நோக்கியே தேடிக்கொண்டிருந்தோம். கிளி என்றால் மலை, காடு, தோப்பு என்பதுதான் மனசில். அதை மாற்றியவர் மம்சாபுரம் பக்கத்தில் கம்பங்கொல்லைக்குக் காவல் இருந்த ஒரு தாத்தா. கிணற்றுப் பாசனத்துக் கம்பு, கதிர் முற்றி நின்றது. பரணில் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். மடியில் கவண். தினைப்புனத்தில் பெண்கள் பரண் ஏறி, தட்டையும் கவணும் வைத்துக் கிளி ஓட்டிய காட்சி சங்கப் பாட்டு முழுக்க இருக்கிறது. வள்ளியும் அப்படிக் காவல் இருந்தவள்தான். அதே வேலையை அதே கருவியோடு செய்யும் ஒருவர் பன்னிரண்டு வயசில் எனக்கு நேரில் கிடைத்தார். கவணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் எறிந்த கல்லில் சொக்கன் செத்திருந்தால்?

"எய்யா, கல்லு கிளி மேல படாது, பக்கத்துல தான் விழும். கிளிய அடிச்சா பாவம்லா" என்றார். பிறகு மாமாவிடம் கேட்டார்: "வீட்டுக்கிளியா? என்னைக்குப் போச்சு? காத்து அடிச்ச நேரமா? அப்ப ஏன் இங்கன தேடுதீக? காத்த எதுத்து அது எப்பிடி மலைக்கு வரும்? பறந்து பழகின கிளியே காத்துக்குப் பணிஞ்சுதான் போகும். காத்து போற பக்கமாப் போய்த் தேடுங்க. வில்லிபுத்தூர்ப் பக்கம்."

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 12 கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் அரை மணி. காற்றின் மேல் ஏறிய கிளிக்கு அதைவிடக் குறைவு. அப்போது அங்கே ஆடிப்பூரத் திருவிழா. ஆண்டாள் பிறந்த நட்சத்திரம், தேரோட்டம். சுற்றுவட்டாரத்துச் சனம் அத்தனையும் அங்கே இருக்கும். அம்மாச்சி இதைச் சகுனமாகவே எடுத்துக்கொண்டாள். "கிளிய வச்சிருக்கிற தாயார் ஊருக்குத்தான் போயிருக்கு" என்றாள். கூண்டையும் துணி சுற்றி எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் காலிக் கூண்டை மடியில் வைத்திருந்த அவளை எல்லாரும் பார்த்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கதை முழுவதையும் சொன்னாள். இறங்குவதற்குள் பஸ்ஸே எங்களுக்காகத் தேட ஆரம்பித்திருந்தது.

தேர் பார்க்க வந்த கூட்டத்தில் கிளி ஜோசியர்கள் இருந்தார்கள். ரத வீதி ஓரத்தில் துணி விரித்து, சீட்டுக்கட்டை அடுக்கி, சின்னக் கூண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். மாமாவுக்கு அவர்கள் மேல் சந்தேகம். யாராவது பிடித்து விற்றிருந்தால் இவர்களிடம்தான் வந்திருக்கும். வயசான ஒருவரிடம் போய்க் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. தன் கூண்டைத் திறந்தார். கிளி வெளியே வந்து, ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போட்டு, ஒரு நெல்மணியை வாங்கிக்கொண்டு தானாக உள்ளே போனது. "பாத்துக்கோ தம்பி, இது ஒன்னோடதா?" என்றார். அதன் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக முழு ஆரம் இருந்தது. ஆண் கிளிக்கு அது வர இரண்டு மூன்று வருஷம் ஆகும். சொக்கனுக்குத் தாடைக்குக் கீழே கறுப்புக் கோடு மட்டும் விழுந்திருந்தது. அதைச் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார். "அடையாளம் தெரிஞ்சு வச்சிருக்க. ஆனா கூட்டத்தோட சேர்ந்துட்டா கழுத்துக்கோடு ஒனக்குத் தெரியாது. பேச்சு ஒண்ணுதான். அதையும் சீக்கிரம் விட்டுரும். பதில் சொல்ல ஆளில்லாட்டி எம்புட்டு நாளைக்கிப் பேசும்?"

அவர் சொன்னது என் மனசில் ஆழ இறங்கிவிட்டது. சொக்கனை மற்ற கிளிகளிலிருந்து பிரித்துக் காட்ட எங்களிடம் இருந்தது நாங்கள் அவன் தொண்டைக்குள் வைத்த அந்தக் கூப்பிடு ஒன்றுதான். கிளிக் கூட்டத்துக்குள் அது யாருக்கும் புரியாது. எந்தக் கிளியும் அதற்குத் திரும்பிப் பார்க்காது.

அம்மாச்சி சந்நிதிக்குப் போகாமல் நகர மாட்டேன் என்றாள். நெரிசலில் என்னைத் தூக்கிக் காட்டினார் மாமா. ஆண்டாளின் இடது கையில் கிளி. ஒவ்வொரு நாளும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. மரவள்ளி இலையை மடித்து உடம்பு, மாதுளம்பூவால் அலகு, காக்காப்பொன்னால் கண், மூங்கில் குச்சியும் வாழை நாரும் வைத்துக் கட்டு. இதற்கென்று பரம்பரையாக வருகிறவர்கள் உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்கிறார்கள். அன்றைக்குச் சாத்திய கிளி பக்தர் ஒருவர் வீட்டுக்குப் பிரசாதமாகப் போகும், அடுத்த நாள் வேறு கிளி. ஆண்டாளிடமிருந்து அரங்கனுக்குத் தூது போன சுகப்பிரம்ம ரிஷிதான் அந்தக் கிளி என்று கோவிலில் சொல்லுவார்கள். சித்திரையில் மதுரைக்குக் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் அவள் சூடிக் களைந்த மாலையோடு கிளியும் போகிறது. நான் அப்போது இதையெல்லாம் நினைக்கவில்லை. அந்தப் பச்சையைப் பார்த்தேன். சொக்கனின் முதுகுப் பச்சை அச்சாக அதுதான். இலையைத் தேர்ந்தெடுத்தவர் எத்தனை காலம் கிளியை உற்றுப் பார்த்திருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அலகின் வளைவைக்கூட மாதுளை மொட்டில் கண்டிருக்கிறார்.

வெளியே வந்து பதினோரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். 192 அடி. மாடக்குழிகளில் புறாவும் மைனாவும், இடையிடையே கிளியும். அம்மாச்சி கோபுரத்துக்குக் கீழே நின்று, கூட்டத்துக்கு நடுவில், வெட்கமே இல்லாமல் "சொக்கா, ஏ சொக்கா" என்று கூப்பிட்டாள்.

செய்தி கிடைத்தது மடவார் வளாகத்தில். வைத்தியநாதர் கோவில் பக்கம். பஸ்ஸில் கதை கேட்ட ஒரு அம்மாள், தேர் பார்த்துத் திரும்பும்போது எங்களைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நாத்தனார் வீட்டு மொட்டைமாடிக்கு ஒரு கிளி வந்ததாம். கொடிக்கம்பியில் உட்கார்ந்து மனுஷக் குரலில் யாரையோ கூப்பிட்டதாம். நாங்கள் ஓடினோம். அந்த வீட்டக்கா சொல்லச் சொல்ல எங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. "எங்க பிள்ளைக்குப் பேரு ராணி. நான் அவளத்தான் யாரோ கூப்பிடுதாகன்னு மாடிக்குப் போனேன். பாத்தா இது!" கொய்யாத் துண்டு வைத்திருக்கிறாள். தின்றிருக்கிறான். தண்ணீர் வைத்திருக்கிறாள். குடித்திருக்கிறான். துண்டை வீசிப் பிடிக்கப் பார்த்தபோது பயந்து, கோவில் பக்கத்து மரங்களுக்குப் போய்விட்டான். சாயங்காலம் அங்கே கிளிகள் அடையும், அவற்றோடு இருப்பான் என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாங்கள் கூப்பிட்டோம். அம்மாச்சி கூப்பிட்டாள், மாமா கூப்பிட்டார், நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மாமாதான் சொன்னார்: "நம்ம குரல் எதுக்கு அதுக்கு? அவன் படிச்சது அவ்வா குரல்ல."

அவ்வா வெளியே போகிறவர்கள் இல்லை. கல்யாணம், சாவு, கோவில் தவிர அவர்கள் தெருவில் நடந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் அம்மாச்சி போய்க் கேட்டபோது ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்கள். கையில் ராணியின் அலுமினியத் தட்டு. அதை எடுத்துவரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

முன்பின் தெரியாத ஒரு வீட்டின் மொட்டைமாடியில், பொழுது சாயும் நேரம், அவ்வா மரங்களைப் பார்த்து நின்றார்கள். வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் கிளிகள் வந்துகொண்டிருந்தன. சின்னச் சின்னக் கூட்டமாக, வேகமாக, நீள வால் பின்னால் நிற்க, கீ கீ என்று கத்திக்கொண்டு. மரத்தில் இறங்கி, மறுபடி எழும்பி, இடத்துக்குச் சண்டை போட்டு, ஒரே இரைச்சல். அடைவதற்கு முன்னால் கிளிகள் அப்படித்தான். அவ்வா தட்டைத் தட்டினார்கள். "ராணீ... ரா! ரா!" பக்கத்து மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். அந்த வீட்டுச் சிறுமி ராணி தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று படியேறி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவ்வா நிறுத்தவில்லை. தெருவே கேட்கிற குரலில், ஊரில் இருக்கும் ஒரு நாயின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

மரத்துக்குள்ளிருந்து பதில் வந்தது. ஒரு தடவை. "ராணீ ரா." இரைச்சலுக்கு நடுவில், அதே இழுப்பு, அதே கரகரப்பு. அம்மாச்சி என் தோளைப் பிடித்த பிடி வலித்தது. நாங்கள் எல்லாரும் கேட்டோம். அந்த வீட்டக்கா கேட்டாள், மாமா கேட்டார். அவ்வா மறுபடி கூப்பிட்டார்கள், தொண்டை அடைக்கிறவரைக்கும். இருட்டிவிட்டது. இருட்டில் கிளி இறங்காது.

விடியும் முன்பே மாடியில் இருந்தோம். கூண்டைத் திறந்து வைத்து, கோவைப்பழமும் பச்சை மிளகாயும் ஊறவைத்த கடலைப்பருப்பும் பரப்பி வைத்திருந்தோம். வெளுத்ததும் மரம் ஒரே சத்தமாக எழும்பியது. கூட்டம் கூட்டமாகப் பிரிந்து வயலுக்கும் செண்பகத்தோப்புப் பக்கத்துக்கும் போயிற்று. எதில் அவன் இருந்தான் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் அவ்வா மறுபடி கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை. அதன் பிறகு பல சாயங்காலம் அந்த அக்காவும் அவள் மகளுமே மாடிக்கு ஏறிக் கூப்பிட்டுப் பார்த்ததாகச் சொல்லி அனுப்பினார்கள்.

செத்துப்போனானா, கூட்டத்தில் சேர்ந்தானா? காட்டில் வளர்ந்த கிளிக்கு எந்தப் பழம் எப்போது எங்கே என்பது தெரியும். வல்லூறைக் கண்டால் என்ன செய்வதென்று தெரியும். சொக்கனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாச்சியின் தோள். ஆனால் அவன் கூட்டத்தோடு அடைந்திருந்தான், அதை என் காதால் கேட்டேன். கூட்டத்தோடு அடைகிற கிளி கூட்டத்தோடு இரைக்கும் போகும். நான் நம்புவதற்கு இடம் இருக்கிறது, நம்புகிறேன்.

அம்மாச்சி அதன் பிறகு கிளி வளர்க்கவில்லை. அடுத்த வருஷம், 1988இல், எங்கள் மேற்கு மலைகள் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆயின. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது, நாட்டின் 51ஆவது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பிற்பாடு 1990களின் தொடக்கத்தில் இந்தியக் காட்டுப் பறவைகளின் விற்பனை முழுவதுமே தடையானது. இன்றைக்குப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் அபராதமும் சிறையும் உண்டு. அது சரியான சட்டம் என்று நான் திட்டமாக நினைக்கிறேன். நல்ல பராமரிப்பில் இருபது, இருபத்தைந்து வருஷம் வாழ்கிற பறவை அது. ஒரு வீட்டுத் திண்ணையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க அத்தனை வருஷம் அதிகம். அம்மாச்சியின் அன்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த அன்பு அந்தக் குஞ்சைப் பிழைக்க வைத்தது. அதைப் பொந்துக்குத் திருப்பிக் கொடுக்கிற வழிதான் அப்போது எங்கள் யாருக்கும் இல்லை. இப்போது அப்படிக் குஞ்சு கிடைத்தால் வனத்துறையிடம் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும்.

சட்டம் வந்த பிறகும் கிளி தேடுவது நின்றுவிடவில்லை. ராஜபாளையத்தில் இப்போது வீடுகளில் இருப்பது வெளிநாட்டுக் கிளிகள். சன் கொனூர், காக்கடீல், வசதியானவர்களிடம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. இவற்றில் பல இனங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதியும் வந்துவிட்டது. இவையும் பறக்கத்தான் செய்கின்றன. ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி சத்தத்தில் மிரண்டுவிட்டது என்று யாராவது வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது. கூடப் போகிறேன்.

அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் விடியலும்தான் முக்கியம், மத்தியானத்தில் அலைந்து பலன் இல்லை. கூண்டை மாடியில் திறந்து வை, பழகிய தீனியைப் பழகிய தட்டில் வை. மரத்தில் ஏறாதே, துண்டை வீசாதே, காக்கை இரைகிற இடத்தை விடாதே. அது யாருடைய குரலைத் திருப்பிச் சொல்லுமோ அவர்கள் கூப்பிடட்டும், வீட்டைவிட்டு வராதவர்களாக இருந்தாலும் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வா. இரண்டு நாள் தாண்டிவிட்டால் காற்று அடிக்கிற பக்கம் ஊர் ஊராகக் கேள். ஆடி மாதமாக இருந்தால் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் மொட்டைமாடிகளில் விசாரி.